எல்லை தெரிந்த ஸ்பிரிங்

பாலிமர் ஓட்டத்தைக் கணினியில் போட்டுப் பார்க்கும் என் தொழிலில் முதல் கேள்வி, பாலிமர் சங்கிலிக்குப் பதிலாக எந்த ஸ்பிரிங்கை வைப்பது என்பதுதான். உண்மையில் மூலக்கூறுக்குள் ஸ்பிரிங் எதுவும் கிடையாது. சங்கிலி வெப்பத்தில் ஓயாமல் புரள்கிறது. சுருண்டு கிடக்க வழிகள் ஏராளம், நேராக நீள ஒரே வழி. இழுத்தால் அது திரும்பச் சுருள்வது அதனால்தான். சூடு ஏற ஏற அந்த விசையும் கூடும்.

10,000 துண்டு கோத்த சங்கிலி சும்மா கிடக்கையில் முனைக்கு முனை ஏறத்தாழ 100 துண்டு நீளம்தான். நூறு மடங்கு நீளலாம்; அதற்குமேல் இம்மியும் நீளாது. ஹூக் விதி ஸ்பிரிங்குக்கு இந்த எல்லை தெரியாது. இழுத்து நீட்டும் ஓட்டத்தில், நீட்டும் வேகத்தைச் சங்கிலி தளர எடுக்கும் நேரத்தால் பெருக்கி வருவது அரையை எட்டினால், அதன் விடை முடிவிலிக்கு ஓடிவிடும்.

அத்தகைய ஓட்டத்தைத் தாராவியின் பதின்மூன்றாம் காம்பவுண்டில் கண்ணால் பார்க்கலாம். பங்கார் எனும் கழிவு பிளாஸ்டிக்கை உருக்கித் தாணா எனும் குருணை போடும் பட்டறையில், மெஷினிலிருந்து இழையாக வருவது தண்ணீர்த் தொட்டி வழியே இழுபட்டுக் கட்டருக்குப் போகிறது. பாலிபுரொப்பிலீனை உருக்க உருக்கச் சங்கிலிகள் அறுந்து குட்டையாகும், நீளும் எல்லை, தளரும் நேரம் இரண்டும் குறையும், உருகலும் இளகிப்போகும். ஆனால் உருகலில் சங்கிலிகள் ஒன்றோடொன்று சிக்கிக் கிடப்பதால் தனிச் சங்கிலிக் கணக்கு அங்கே பாதிதான் செல்லும். அதன் சொந்த இடம் நீர்த்த கரைசல்.

அங்கே பெரும்பாலும் 1972இல் வார்னர் தந்த ஸ்பிரிங்தான் ஓடுகிறது. எல்லையை நெருங்கினால் அதன் விசை கட்டுக்கடங்காமல் ஏறும். விறைப்பான டிஎன்ஏவுக்கு 1995இல் மார்க்கோவும் சிக்கியாவும் தந்த விதி பொருந்தும்; அது இன்னும் செங்குத்து. இரண்டுமே கணினியைப் பாடாய்ப்படுத்தும். கணக்கு ஒரு தடவையில் முன்னேறும் நேர அடியைச் சற்றே பெரிதாக வைத்தால் சங்கிலி ஒரே தாவலில் எல்லையைத் தாண்டிவிடும். வார்னர் விசை உடனே குறி மாறி, இழுப்பதற்குப் பதில் தள்ளத் தொடங்கும். தப்ப வழி, ஒவ்வோர் அடியிலும் முப்படிச் சமன்பாடு ஒன்றைத் தீர்ப்பது. எல்லைக்குள் அதற்கு ஒரே ஒரு விடைதான்.

இவ்வளவு பாடும் எப்போது தேவை? முழு நீளத்தில் கால் பங்கு வரை ஹூக் விசைக்கும் வார்னர் விசைக்கும் வித்தியாசம் ஏழு சதவீதத்துக்குள்தான். முக்கால் பங்கில் வார்னர் விசை இரண்டு மடங்குக்கும் மேல். 90 சதவீதத்தில் ஐந்து மடங்கைத் தாண்டும். அதனால் சூத்திரத்தின் அழகைப் பார்த்து நான் ஸ்பிரிங்கைத் தேர்ந்தெடுப்பதில்லை. ஓட்டம் சங்கிலியை எவ்வளவு தூரம் இழுக்கும் என்று முதலில் தோராயமாகப் போட்டுப் பார்ப்பேன். கால் பங்குக்குள் நின்றால் ஹூக்கே போதும்.