இரண்டு அங்குலம்

பண்ணைக்காட்டுக்குக் கீழே எங்கள் காப்பித் தோட்டத்துக்குப் போகும் மண் பாதை ஒன்றேகால் கிலோமீட்டர்தான். ஐப்பசி மழை நாலு நாள் விடாமல் அடித்தால் சக்கரத் தடம் இரண்டும் வாய்க்காலாகிவிடும். நடுவில் மண்மேடு மட்டும் மாட்டின் முதுகு மாதிரி புடைத்து நிற்கும். மூன்று வருடத்துக்கு முன் அப்படியொரு நாளில் எங்கள் ஜிப்ஸி அந்த மேட்டில் தட்டி நின்றது. வலது பின்சக்கரம் அந்தரத்தில் சுற்றியது, மற்றது அசையவில்லை. உர மூட்டைகளை இறக்கி, மிச்சத் தூரத்தைத் தலைச்சுமையாகவே கடந்தோம்.

வண்டியை இரண்டு அங்குலமாவது ஏற்றிவிடுவது என்று அன்று ராத்திரியே தீர்மானித்தேன். கையில் இருந்தது 40,000 ரூபாய். காப்பி விற்ற காசில் வீட்டுச் செலவு போக, வண்டிக்கென்று ஒதுக்க முடிந்தது அவ்வளவுதான்.

ஜிப்ஸி 1985 டிசம்பரில் மாருதி கொண்டுவந்த வண்டி. எங்களுடையது பின்னால் வந்த 1.3 லிட்டர் கிங். முன்னும் பின்னும் முழு இரும்பு அச்சு, நான்கு மூலையிலும் லாரியில் இருப்பது போன்ற பட்டை ஸ்பிரிங். எடை ஒரு டன்னை ஒட்டித்தான் இருக்கும். 2019-இல் பொதுமக்களுக்கு விற்பதை நிறுத்திவிட்டார்கள் என்றாலும், மலையடிவாரப் பட்டறைகளில் கண்ணை மூடிக்கொண்டு கழற்றிப் பூட்டுகிற ஆட்கள் இன்றும் இருக்கிறார்கள்.

பட்டை ஸ்பிரிங் வண்டியை உயர்த்த நாலைந்து வழி உண்டு. வளைவு கூடிய பட்டைகளும் அதற்கேற்ற நீள ஷாக் அப்சார்பர்களும் சேர்ந்த முழுக் கிட் வாங்கிப் போடலாம். வெளிநாட்டுக் கிட்டுக்கு எனக்குச் சொன்ன விலை என் காசுக்கு இரண்டு மடங்குக்கு மேல். இருக்கிற கட்டில் கூடுதலாக ஒரு பட்டையைச் செருகலாம். ஓர் அங்குலம் ஏறும், கூடவே வண்டி மரக்கட்டை மாதிரி விறைத்துக்கொள்ளும். அச்சுக்கு அடியில் இருக்கும் பட்டைகளை அச்சுக்கு மேலே மாற்றினால் ஒரேயடியாக ஐந்து அங்குலம் கிடைக்கும். ஆனால் ஸ்டீயரிங் ராடு, பிரேக் ஹோஸ், புரொப்பெல்லர் ஷாஃப்டின் சாய்வு என்று அத்தனையையும் திருத்த வேண்டியிருக்கும். எல்லாவற்றிலும் மலிவு, ஷேக்கிளை நீளமாக்குவது. பட்டையின் ஒரு முனையைச் சேஸிஸோடு பிணைக்கும் அந்தச் சிறு இரும்புத் தகடுகள் இரண்டு அங்குலம் நீண்டால் வண்டி ஓர் அங்குலம் உயரும்.

மலிவைத்தான் முதலில் எடுத்தேன். சில ஆயிரத்தில் நான்கு ஜோடி ஷேக்கிள் வந்தது, அரை நாளில் மாட்டியாயிற்று. வீட்டு வாசலில் வண்டி நெஞ்சை நிமிர்த்தி நின்றதைப் பார்த்து எனக்குப் பூரிப்பு. மறுநாள் வத்தலக்குண்டுக்கு மலை இறங்கும்போது முதல் கொண்டை ஊசி வளைவிலேயே வயிற்றைக் கலக்கியது. வளைத்த ஸ்டீயரிங் தானாகத் திரும்பி வரவில்லை. நானாகப் பிடித்து நேராக்க வேண்டியிருந்தது. நேர்ச் சாலையிலோ வண்டி இடமும் வலமுமாக அலைந்தது. எதிரே பஸ் வரும்போதெல்லாம் கை வியர்த்தது.

கையை விட்டுச் சைக்கிள் ஓட்டுகிறோமே, அது விழாமல் நேராகப் போவதில் முன் ஃபோர்க் சாய்ந்திருக்கும் விதத்துக்கும் பங்கு உண்டு. ஜிப்ஸியின் முன் அச்சிலும் அப்படி ஒரு சாய்வு வைத்திருக்கிறார்கள். காஸ்டர் என்பார்கள். முன் பட்டையின் ஷேக்கிள் முன்முனையில் இருக்கிறது. அது நீண்டால் பட்டையின் முன்முனை கீழே இறங்கி, அச்சு முன்பக்கமாக உருண்டு, அந்தச் சாய்வு குறைந்துவிடும். அச்சுக்கும் பட்டைக்கும் இடையே ஆப்பு வடிவில் ஒரு துண்டு வைத்துச் சரிசெய்யலாம். அது தேவை என்பதுகூடத் தெரியாமல் என் வீட்டாரை அந்த வண்டியில் உட்கார வைத்து மலை இறங்கினேன் என்பது இன்றைக்கும் உறுத்துகிறது.

வத்தலக்குண்டில் ஜீப் வேலையே பார்த்து நரைத்துப்போன மெக்கானிக் ஒருவரிடம் அன்றே கொண்டுபோனேன். நான் பேசி முடிக்கும்வரை கேட்டுவிட்டு, "ஏத்துறது கெடக்கட்டும் தம்பி, எங்க இடிக்குதுன்னு அடியில படுத்துப் பாத்தீங்களா?" என்றார். இல்லை என்றேன். ஒரு சாக்கை விரித்து, டார்ச்சைக் கையில் கொடுத்தார்.

மல்லாந்து படுத்து அரை மணி நேரம் பார்த்தது, அதுவரை படித்ததையும் விசாரித்ததையும்விட அதிகம் சொல்லிக்கொடுத்தது. சேஸிஸின் நடுக் குறுக்குச் சட்டத்தில் பழைய பெயிண்ட் கலையாமல் இருந்தது. வயிறு ஓரிடத்திலும் தட்டவில்லை. தட்டியது அச்சின் நடுவில் இருக்கும் டிஃபரன்ஷியல் ஹவுசிங். அதன் அடி உருண்டை, தேய்த்த பித்தளைக் குடம் மாதிரி பளபளத்தது. அடுத்து, பட்டையை அச்சோடு பிணைத்துக் கீழே தொங்கும் யு போல்ட் நுனிகள். அவற்றின் மரை நசுங்கி மழுங்கியிருந்தது.

"ஹவுசிங் அச்சோடதானே இருக்கு? நீங்க பாடிய ஏத்துனா அது எப்பிடி ஏறும்?" என்றார்.

இதைத்தான் கிட் வாங்கப் போகிற ஒவ்வொருவரும் காசை எடுக்குமுன் யோசித்துப் பார்க்க வேண்டும். ஸ்பிரிங்கை உயர்த்தினால் சேஸிஸும் பாடியும் ஏறும். முன்னும் பின்னும் மேடு ஏறி இறங்கும் கோணம் கூடும், பெரிய டயருக்கு இடம் கிடைக்கும். ஹவுசிங் மட்டும் இருந்த உயரத்திலேயே இருக்கும். ஜிப்ஸிக்குச் சொல்லப்படும் 210 மில்லிமீட்டர் தரை இடைவெளி அதன் அடியில் அளந்ததுதான். அதைக் கூட்ட எளிய வழி டயர்தான், அதிலும் விட்டத்தில் கூடுவதில் பாதிதான் கிடைக்கும். 205/70 ஆர் 15 டயரின் விட்டம் சுமார் 668 மில்லிமீட்டர், 215/75 ஆர் 15 சுமார் 703. வித்தியாசம் 35, ஹவுசிங் ஏறுவது 18 மில்லிமீட்டருக்குள். ஒரு விரல் தடிமன்.

பிறகு மெக்கானிக் அளவு நாடாவை எடுத்தார். பட்டறையில் புதுப் பட்டை போட்ட இன்னொரு ஜிப்ஸி நின்றது. என் வண்டிக்குப் பழைய ஷேக்கிள்களை மாட்டிவிட்டு, இரண்டு வண்டியிலும் சக்கர நடுவிலிருந்து மேல் வளைவின் விளிம்புவரை அளந்து, பட்டறைச் சுவரில் சாக்பீஸால் எழுதினார். என்னுடையது இடது பின்பக்கம் 30 மில்லிமீட்டர் குறைவு. ஓட்டுநர் பக்கம் 45. நான் காசு கொடுத்து வாங்க அலைந்த இரண்டு அங்குலத்தில் பெரும்பகுதியை வண்டி பல வருடமாகக் கொஞ்சம் கொஞ்சமாக இழந்துகொண்டே வந்திருக்கிறது. பட்டைகளுக்கு நடுவே துரு ஏறி ஒன்றோடொன்று ஒட்டியிருந்தது. ரப்பர் புஷ் நீள்வட்டமாக நசுங்கியிருந்தது. ஷாக் இரண்டில் எண்ணெய் கசிந்திருந்தது.

சேற்றில் அன்று சக்கரம் அந்தரத்தில் சுற்றிய காரணமும் அப்போதுதான் பிடிபட்டது. இந்த வண்டியின் டிஃபரன்ஷியலுக்குப் பூட்டு இல்லை. ஒரு சக்கரம் தரையை விட்டால் இன்ஜினின் விசை அந்தச் சக்கரத்தைச் சும்மா சுற்றுவதிலேயே போய்விடும். ஆகவே காட்டுப் பாதையில் உயரத்தைவிடப் பெரிது, சக்கரம் பள்ளத்துக்குள் நீண்டு தரையைத் தேடிப் பிடிப்பது. துருவில் ஒட்டிய பட்டை நீளாது. கூடுதல் பட்டை செருகி விறைப்பாக்கிய கட்டும் நீளாது. பட்டை சரியாகி ஷாக் குட்டையாக இருந்தாலும், ஷாக்கே சக்கரத்தைப் பிடித்து நிறுத்திவிடும்.

சட்டமும் இருக்கிறது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளரின் அமைப்பிலிருந்து வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. நாங்கள் தோட்டத்துக்குள் மட்டும் ஓட்டுவதில்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஓரமாக நடந்துபோகும் மலைச்சாலையில்தான் பாதி நாள் ஓடுகிறது. விபத்து என்று ஒன்று நடந்து, இன்சூரன்ஸ்காரர் வண்டியை அளக்க வந்தால் என்ன பதில் சொல்வது?

அம்மாவின் முழங்காலும் இருக்கிறது. ஷேக்கிள் நீளமாக்கிய அன்று அம்மா ஒரு காலைத் தூக்கி வைத்துப் பார்த்துவிட்டு, "இதுக்கு மேல ஏத்துனீன்னா நான் நடந்தே வந்துக்கிறேம்ப்பா" என்று இறங்கிக்கொண்டார்.

லிஃப்ட் கிட் யோசனையை அத்தோடு விட்டேன். கம்பெனி அளவிலேயே நான்கு மூலைக்கும் புதுப் பட்டைக் கட்டு, நான்கு ஷாக், எல்லாப் புஷ்ஷும், புது யு போல்ட். கூலியோடு சேர்த்து 30,000-ஐத் தொடவில்லை. இருக்கிற பட்டையையே உலையில் காய்ச்சி வளைத்துத் தருகிறேன், கால்வாசிக் காசு போதும் என்று வேறொரு பட்டறையில் சொன்னார்கள். பதம் போட்ட ஸ்பிரிங் எஃகைக் காய்ச்சினால் பதம் போய்விடும். முறையாக எண்ணெயில் குளிரவைத்து, மறுபடி அளவான சூட்டில் பதப்படுத்தத் தெரிந்த இடத்தில் செய்தால் நிற்கும், சும்மா காய்ச்சி வளைத்தது சீக்கிரமே தொங்கிவிடும். பழைய யு போல்ட்டையும் திரும்பப் போட விடவில்லை மெக்கானிக் அண்ணன். ஒரு தடவை இறுக்கி நீண்டது மறுபடி அதே பிடியைத் தராது என்றார்.

பூட்டும்போது ஒன்று கவனித்தேன். ஷேக்கிள் போல்ட்டுகளை ஜாக்கியில் நிற்கும்போது விரலிறுக்கத்தோடு விட்டுவிட்டார். வண்டியைத் தரையில் இறக்கி, நாலு தடவை அமுக்கி ஆட்டி, அது தன் எடையில் உட்கார்ந்த பிறகே முழுக்க இறுக்கினார். சக்கரம் தொங்கும்போது இறுக்கினால், வண்டி உட்கார்ந்ததும் ரப்பர் புஷ் முறுக்கிக்கொண்டே இருக்கும், சீக்கிரம் கிழியும். அந்தப் பத்து நிமிடப் பொறுமைக்காகவே அவரிடம் திரும்பத் திரும்பப் போகிறேன். 500 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு யு போல்ட்டை மறுபடி இறுக்க வரச் சொன்னார். போனேன். நட்டு எல்லாமே கால் சுற்று வாங்கின.

மிச்சக் காசில் அம்மாவுக்காகப் பக்கவாட்டில் ஒரு கால்படி வைத்தோம். இரண்டு ஆட்களோடு நானும் கடப்பாரை பிடித்து, பாதையில் மேடு மோசமாக இருந்த இருபது அடியை வெட்டிச் சமன்செய்து, மழைத் தண்ணீர் ஓரமாக ஓடக் குறுக்கே கல் பதித்தோம். புறப்படுமுன் அண்ணன் ஹவுசிங்கிலும் யு போல்ட் நுனிகளிலும் கறுப்புப் பெயிண்ட் அடித்துவிட்டிருந்தார். இனி எங்கே தட்டுகிறது என்று தெரிய வேண்டுமே.

அடுத்த கார்த்திகையில் மழை அதே மாதிரி அடித்தது. உர மூட்டைகளோடு போனோம். இந்த முறை மேட்டைச் சக்கரங்களுக்கு நடுவில் விடாமல், வலது சக்கரங்களை மேட்டின் மேலேயே ஏற்றினேன். இடது சக்கரங்கள் வாய்க்காலின் ஓரத்தில் இறங்கின. வண்டி சாய்ந்தது, அம்மா மேல்கம்பியைப் பிடித்துக்கொண்டார். இடது பின்சக்கரம் பள்ளத்துக்குள் நீண்டு, சேற்றைப் பிடித்து, மெதுவாகத் தள்ளியது. முதல் கியர், நான்கு சக்கர ஓட்டம், ஒரு தடவைகூட நிற்காமல் களத்து மேடுவரை போய்ச் சேர்ந்தோம்.

மூட்டை இறக்கியதும் சாக்கை விரித்து டார்ச்சோடு அடியில் போனேன். ஹவுசிங்கில் கறுப்புப் பெயிண்ட் அப்படியே இருந்தது. இடது பின்பக்க யு போல்ட்டின் நுனியில் மட்டும் ஒரு பொட்டளவு உரசியிருந்தது.