பையில் ஒரே எடைக்கல்



வேங்கிக்காலில் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தைக் கடந்து வேலூர் சாலையில் செல்லும் நாம் அனைவரும் வழியிலுள்ள பெட்ரோல் பங்க்குகளில் வண்டியை நிறுத்தியிருக்கிறோம். நமக்கு முன்னால் இருநூறு ரூபாய்க்குப் பெட்ரோல் போட்டுச் செல்பவர் அந்தப் பங்க்கைச் சோதிக்க வந்தவராக இருக்கக்கூடும் என்று நாம் நினைப்பதில்லை. நம் சபையின் இளம் சகோதரர் ஒருவர் பகுதிநேரமாக அவ்வேலையைச் செய்கிறார். மிஸ்டரி ஷாப்பிங் என்று அதற்குப் பெயர். சாதாரண வாடிக்கையாளரைப் போலச் சென்று, கண்டதை அறிக்கையாக எழுதி அனுப்ப வேண்டும். தம்மை வெளிக்காட்டாமல் செய்யும் வேலை என்பதால் அவர் பெயரை இங்கே நான் குறிப்பிடவில்லை.

அந்த வேலையைப் பற்றி அவரிடம் விசாரித்தேன். "பாக்க சுலபமாத் தெரியும் ஐயா. ஆனா ஒவ்வொருத்தரும் ஒவ்வொண்ணு கேப்பாங்க" என்றார். ஒரு நிறுவனத்திற்கு ரசீது கட்டாயம் வேண்டும். இன்னொன்றுக்கு, ஊழியர் மீட்டரில் பூஜ்யத்தைக் காட்டினாரா என்பதே முதற்கேள்வி. வேறொன்று கழிவறையின் தூய்மையையும், குடிநீரையும், இலவசக் காற்றையும் கேட்கும். படம் எடுத்தே ஆகவேண்டும் என்பவர்களும் உண்டு. எடுக்கவே கூடாது என்பவர்களும் உண்டு. காலையில் மட்டும் செல்லவேண்டிய பங்க்கும் உண்டு, இருட்டிய பின் செல்லவேண்டியதும் உண்டு.

இவ்வளவையும் குழப்பமின்றிச் செய்ய அவர் கைக்கொள்ளும் ஒழுங்கு எளியது. ஒவ்வொரு நிறுவனத்திற்கும் தனித்தனி உறை. முந்தைய இரவே நிபந்தனைகளை முழுவதும் வாசித்து, அந்தப் பங்க்கில் மறக்கக்கூடாத மூன்று காரியங்களை மட்டும் ஒரு துண்டுத்தாளில் எழுதிக்கொள்கிறார். போளூர் சாலை ஒரு நாள், செங்கம் சாலை மறுநாள் என்று திசைவாரியாகப் பிரித்துக்கொள்கிறார். கிரிவலக் கூட்டத்தில் வண்டி நகராது என்பதால் பௌர்ணமியன்று எதையும் ஒப்புக்கொள்வதில்லை. பங்க்கை விட்டு வெளியேறியதும் அடுத்த தேநீர்க் கடையில் நின்று, நேரத்தையும் கண்டவற்றையும் எழுதிவிடுகிறார். ரசீதின் எழுத்து சில நாட்களில் மங்கிவிடுமாதலால் அங்கேயே அதைப் படம் எடுத்துக்கொள்கிறார். ஒன்றை எழுதி முடிக்காமல் அடுத்த பங்க்கிற்குள் நுழைவதில்லை.

இந்தக் கடைசி விதி எப்படி வந்தது என்று கேட்டேன். ஒருநாள் மாலை, மழைக்குப் பயந்து இரண்டு பங்க்குகளை அடுத்தடுத்துப் பார்த்துவிட்டு வீட்டிற்கு வந்து எழுதியிருக்கிறார். பூஜ்யத்தைக் காட்டாத பெண் ஊழியர் எந்தப் பங்க்கில் நின்றார் என்பது நினைவுக்கு வரவில்லை. ஏதாவது ஒன்றில் குறித்து அனுப்பியிருந்தால் யாருக்கும் தெரிந்திராது. அவருடைய கூலியும் கிடைத்திருக்கும். ஆனால் எட்டு மணி நேரம் வெயிலில் நின்று பிழைக்கும் ஒரு சகோதரி, தான் செய்யாத தவறுக்காகக் கணக்குக் கொடுக்க நேரிட்டிருக்கும். அவர் இரண்டு அறிக்கைகளையும் அனுப்பாமல், மறுநாள் தம் சொந்தப் பணத்தில் இரண்டிற்கும் மீண்டும் சென்று வந்தார். காணாததைக் 'காணவில்லை' என்றே எழுதுவது என்று அன்று தீர்மானித்ததாகச் சொன்னார்.

ஒரு சிறு குறிக்கு இவ்வளவு கனமா என்று சிலர் எண்ணலாம். சண்முகம் மஞ்சுநாத்தை நினைத்துப் பாருங்கள். லக்னோவிலுள்ள இந்திய மேலாண்மைக் கழகத்தில் படித்து, இந்தியன் ஆயில் நிறுவனத்தில் அதிகாரியாகப் பணியாற்றியவர். உத்தரப் பிரதேசத்தின் லக்கிம்பூர் கேரி மாவட்டத்தில், எரிபொருளில் கலப்படம் செய்த ஒரு பங்க்கை மூடி முத்திரையிட்டார். அது மீண்டும் திறக்கப்பட்டபோது திடீர்ச் சோதனைக்குச் சென்றார். 2005 நவம்பர் 19 அன்று சுட்டுக்கொல்லப்பட்டார். அப்போது அவருக்கு வயது 27. உண்மையான அறிக்கை எழுதுகிறவருக்குச் சில வேளைகளில் இத்தனை பெரிய விலை இருக்கிறது.

உபாகமம் 25-ஆம் அதிகாரம் பையில் பெரியதும் சிறியதுமாக இருவகை எடைக்கற்கள் வைத்திருப்பதை விலக்குகிறது. நம் சகோதரரின் பையில் பலவித உறைகள் இருக்கின்றன. கேட்பவருக்குத் தக்கபடி கேள்விகள் மாறுகின்றன. எடைக்கல் மட்டும் ஒன்றுதான். நமக்கும் அப்படியே. அலுவலகத்தில் ஒரு விதமான பொறுப்பு, வீட்டில் ஒரு விதம், சபையில் வேறொரு விதம். அவற்றைத் தனித்தனி உறைகளில் ஒழுங்காக வைப்பது ஞானம். உறைக்கு உறை உண்மையின் அளவை மாற்றுவதையே வேதம் விலக்குகிறது.

வாடிக்கையாளராக நமக்கும் ஒரு பங்கு உண்டு. பங்க்கில் முத்திரையிட்ட ஐந்து லிட்டர் அளவுக்கலன் இருக்கும். ஐயமிருந்தால் அதில் அளந்து காட்டும்படி கேட்கலாம். ஐந்து லிட்டருக்கு 25 மில்லிலிட்டருக்கு மேல் குறையக்கூடாது. பெட்ரோலின் தரத்தைச் சோதிக்க வடிதாளையும் கேட்டுப் பெறலாம். கேட்கும்போது ஊழியரிடம் கனிவாகக் கேளுங்கள். குறை கண்டால் புகார்ப் புத்தகத்தில், கண்டதை மட்டும் எழுதுங்கள். நன்றாகச் சேவை செய்தவரைக் கண்டால் அதையும் எழுதுங்கள். அதை எழுதுகிறவர்கள் மிகக் குறைவு.

யாரும் பாராத இடத்திலும் ஒரே அளவோடு நடக்கக் கர்த்தர் நமக்குக் கிருபை அருளுவாராக. ஆமென்.