சின்னம்மாவின் வலது கை

என் சின்னம்மாவின் ரவிக்கைக்கு இரண்டு கை அளவு. இடது கைக்குப் பதினொன்று, வலது கைக்குப் பதினான்கரை. வேப்பந்தட்டைக் கடைத்தெருவில் அவருக்குத் தைத்துக் கொடுக்கும் அக்கா தன் நோட்டில் இரண்டையும் தனித்தனியே எழுதி வைத்திருக்கிறார். புதுத்துணி கொடுக்கும்போதெல்லாம் வலது கையை மட்டும் மறுபடி அளந்துகொள்வார். "இது எங்கை இல்ல பாப்பா, யாரோ கொண்டாந்து மாட்டி வுட்டுட்டுப் போயிட்டாங்க" என்று சின்னம்மா சிரிப்பார்.

ஏழு ஆண்டுகளுக்கு முன் அவருக்கு வலது மார்பில் புற்றுநோய். திருச்சியில் அறுவை சிகிச்சை. கட்டியை யாரிடமும் காட்டாமலே ஒரு பருத்தி வெள்ளாமையை முடித்திருந்தார். விதைப்பின்போது பட்டாணி அளவு இருந்தது, கடைசி எடுப்பில் எலுமிச்சை அளவு. கம்புக்கூட்டில் நெறி கட்டி, கையைத் தூக்க முடியாமல் போன பிறகுதான் சொன்னார். அதையும் என் அம்மாவிடம்தான் சொன்னார். ஏன் என்னிடம் முன்பே சொல்லவில்லை என்று ஆஸ்பத்திரியில் கேட்டேன். "மாருல கட்டின்னு உங்கிட்ட எப்படிச் சொல்றது? நீ வாத்தியாரம்மா."

2002இல் குட்டி ரேவதியின் 'முலைகள்' தொகுப்பு வந்து, அந்தத் தலைப்புக்காக அவர் மீது வசை பொழிந்தபோது நான் முதுகலை மாணவி. அந்தச் சொல்லுக்காக வகுப்பில் சண்டை போட்டிருக்கிறேன். பிறகு நானும் உடலை எழுதினேன், கருத்தரங்குகளில் உடல்மொழி பற்றிப் பேசினேன், முனைவர் பட்ட ஆய்வில் ஓர் இயலையே அதற்கு ஒதுக்கினேன். இரண்டு தெரு தள்ளி என் சின்னம்மா ஓராண்டுக்கு மேல் மாராப்பை இழுத்து இழுத்து மூடிக்கொண்டிருந்தார். எனக்குத் தெரியவில்லை.

கை வீங்கியது அறுவை சிகிச்சைக்கு ஓராண்டு கழித்து. நாம் நெறி என்று சொல்வது நிணநீர்க் கணுவை. உடம்பின் திசுக்களில் தேங்கும் நீரை மெல்லிய குழாய்கள் இழுத்து, இந்தக் கணுக்கள் வழியாக வடிகட்டி, மறுபடி இரத்தத்தில் சேர்க்கின்றன. புற்று முதலில் பரவுவதும் இதே வழியில்தான் என்பதால் அக்குளில் இருக்கும் கணுக்களை எடுத்துவிடுகிறார்கள். எடுத்தபின் சிலருக்குக் கையின் நீருக்குப் போக்கிடம் இல்லாமல் போகிறது. ஏரிக்கு நீர் வருகிறது, மதகைக் காணோம் என்கிற நிலை. அந்தக் கையில் ஊசி போடக்கூடாது, இரத்த அழுத்தம் பார்க்கக்கூடாது, கீறல் படக்கூடாது. பருத்தி எடுத்தவர்களுக்குத் தெரியும், வெடித்த காயின் காய்ந்த ஓட்டு முனை விரலைக் கீறாத நாளே கிடையாது. ஒரு கீறலில் கிருமி ஏறி, கை சிவந்து, காய்ச்சல் கண்டு இரண்டு முறை படுத்தார். பருத்தி ஆராய்ச்சி நிலையமே இருக்கிற ஊர் எங்களுடையது. இங்கே பருத்தி எடுக்காமல் இரு என்று ஒரு கூலிக்காரப் பெண்ணிடம் சொல்வது சாப்பிடாமல் இரு என்று சொல்வது போல.

இரண்டு பொங்கலுக்கு முன் என் பழைய மாணவி ஒருத்தி வீட்டுக்கு வந்தாள். அறிவியல் பட்டப்படிப்பில் பகுதி ஒன்று தமிழை என்னிடம் படித்தவள். வீட்டில் முதல் பட்டதாரி. இப்போது சென்னையில் ஓர் ஆய்வகத்தில் முனைவர் பட்டத்துக்கு உழைக்கிறாள். வெங்காயம் ஆய்ந்துகொண்டிருந்த சின்னம்மாவின் கையைப் பார்த்தவள் அப்படியே பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். "ஆயா, நான் இதத்தான் படிக்கிறேன். ஆனா எலியோட கால்ல."

படிப்பது என்னவென்று சின்னம்மாவுக்கு அவள் விளக்கிய விதத்தை நான் வகுப்புக்குத் திருடிக்கொண்டேன். செல்போன் டார்ச்சை எரியவிட்டு விரல் நுனியால் மூடச் சொன்னாள். விரல் செக்கச்செவேல் என்று மின்னியது. டார்ச்சில் எல்லா நிறமும் உண்டு, நீலத்தையும் பச்சையையும் இரத்தம் விழுங்கிக்கொள்கிறது, சிவப்பு மட்டும் கடந்து வருகிறது என்றாள். பிறகு டிவி ரிமோட்டை எடுத்துப் பொத்தானை அழுத்தி, முனையைப் பார்க்கச் சொன்னாள். ஒன்றும் தெரியவில்லை. அதையே செல்போன் கேமரா வழியே காட்டினாள். முனையில் ஒரு பொட்டு வெளிச்சம் துடித்தது. "கண்ணுக்குத் தெரியல, கேமராவுக்குத் தெரியுது பாத்தீங்களா? சிவப்புக்கும் அடுத்தாப்ல இருக்கிற வெளிச்சம்."

அதன் பெயர் அகச்சிவப்பு. சிவப்பை ஒட்டிய பகுதி அண்மை அகச்சிவப்பு. அலைநீளம் 700 முதல் 900 நானோமீட்டர் வரையிலான ஒளியை இரத்தமும் குறைவாகவே விழுங்குகிறது, தண்ணீரும் குறைவாகவே விழுங்குகிறது. அந்த இடைவெளியில் ஒளி தசைக்குள் ஓரளவு ஆழம் போய்த் திரும்ப முடியும். ஊதாவுக்கு அப்பால் இருப்பதைப் புற ஊதா என்றும், சிவப்புக்கு இப்பால் இருப்பதை அகச்சிவப்பு என்றும் பெயரிட்டவர்கள் அகமும் புறமும் படித்தவர்களாகத்தான் இருக்க வேண்டும். உள்ளே பார்க்க உதவும் ஒளிக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் எனக்குக் கிடைத்திருக்காது.

ஒளி உள்ளே போனால் மட்டும் போதாது. உள்ளிருந்து பதில் சொல்ல ஏதாவது வேண்டும். அதற்கு ஒரு சாயம், இண்டோசயனைன் கிரீன். புகைப்படத் தொழிலில் இருந்த கோடாக் நிறுவனத்தின் ஆய்வகத்தில் 1950களில் உருவானது. அமெரிக்காவில் 1959இலேயே மனிதருக்குச் செலுத்த அனுமதி கிடைத்தது. இதயம் எவ்வளவு இரத்தம் தள்ளுகிறது, கல்லீரல் எப்படி வேலை செய்கிறது என்று அளக்கத்தான் முதலில் பயன்பட்டது. இரத்தத்தில் புரதத்தோடு ஒட்டிக்கொண்டு சுற்றி, கல்லீரல் வழியாகப் பித்தநீரில் வெளியேறிவிடும். ஏறத்தாழ 780 நானோமீட்டர் ஒளியை வாங்கிக்கொண்டு 830ஐ ஒட்டிய ஒளியைத் திருப்பித் தருகிறது. இரண்டுமே கண்ணுக்குத் தெரியாதவை. பெயரின் முன்பாதியைத் தோண்டினால் இண்டோல், அதைத் தோண்டினால் இண்டிகோ. நம் அவுரி. அவுரிக்கு நீலி என்றும் பெயர். பழையனூர் நீலியை எண்ணிக்கொண்டேன். கதையில் பழிகாரி, பழமொழியில் பொய்யாய் அழுபவள். ஒரு சாயத்தின் பெயருக்குள் ஒளிந்துகொண்டு பெண்களின் அக்குளுக்குள் வழி காட்ட வந்திருக்கிறாள்.

அந்தக் கோடையில், அவளுடைய வழிகாட்டியின் அனுமதியோடு, ஒரு நாள் ஆய்வகத்தில் உட்கார்ந்து பார்த்தேன். மேலங்கி, முகக்கவசம், தலைக்கு உறை. சிறு குப்பியில் இருந்த பொடியில் அவள் நீர் விட்டதும் அடர்பச்சையாகக் கரைந்தது. கரைத்தால் சில மணி நேரத்துக்குள் பயன்படுத்திவிட வேண்டுமாம். மயக்க வாயுவில் தூங்கும் வெள்ளைச் சுண்டெலி. அதன் பின்னங்கால் பாதத்தின் தோலுக்கடியில் துளியிலும் துளி. பிறகு வெளிச்சம் புகாத கறுப்புப் பெட்டி, மூடும் கதவு. எலியின் மீது விழும் ஒளி மிக அதிகம், சாயத்திலிருந்து திரும்புவது மிகச் சொற்பம். அந்தச் சொற்பத்தை மட்டும் விட்டு மற்றதைத் தடுக்கும் வடிகட்டி கேமராவின் முன் இருக்கிறது.

திரையில் பாதம் ஒரு வெள்ளைப் புள்ளி. அதிலிருந்து நூல் போல ஒரு கோடு முழங்காலின் பின்பக்கம் நோக்கி எழுந்தது. கோட்டின் மீது சிறு சிறு மணிகளாக வெளிச்சம் நகர்ந்தது, நின்றது, மறுபடி நகர்ந்தது. நிணநீருக்குத் தனி இதயம் இல்லை, குழாயே சுருங்கிச் சுருங்கித் தள்ளுகிறது. அந்தச் சுருக்கத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்த எலிக்கு முழங்கால் பின்னிருக்கும் கணுவை முன்பே எடுத்திருந்தார்கள். அங்கே கோடு பாதியில் உடைந்து, தோலுக்கடியில் புகை போலப் பரவியது. என் சின்னம்மாவின் கைக்குள் இருப்பது இதுதான் என்று அந்த இருட்டில் புரிந்தது. எலியிடமிருந்து மனிதர் வரைக்கும் இந்தப் படமெடுப்பைக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் ஹூஸ்டனின் ஈவா செவிக்-முராக்கா. மாணவியின் மேசை மேலே அவருடைய கட்டுரைகள் அடுக்காக இருந்தன.

இதெல்லாம் முதல் நாளிலேயே வந்துவிடவில்லை. தொடக்கத்தில் 700ஐ ஒட்டி ஒளிரும் வேறொரு சாயத்தை வைத்துப் பார்த்தபோது எலியின் வயிறு முழுக்க மின்னியதாம். சாயம் குடலுக்குப் போய்விட்டது என்று இரண்டு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறாள். கடைசியில் பார்த்தால் தீவனம். அதில் குதிரைமசால் கலந்திருந்தது. பச்சையம் தானாகவே சிவப்பில் ஒளிரும். குதிரைமசால் இல்லாத தீவனத்தை ஒரு வாரம் போட்டபின் வயிறு இருண்டது. "எங்க வீட்டு மாட்டுக்கு அறுத்துப் போட்டது நான்தாம்மா, எனக்கே தோணல" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

அவள் அடுத்துச் சொன்னதுதான் எனக்கு உறைத்தது. எலிகளுக்கு எழுதிக் கொடுக்கும்போது அங்கிருந்த மூத்தவர் ஒருவர், "ஆண் எலி மட்டும் போடு" என்றாராம். பெண் எலிக்கு நான்கைந்து நாளுக்கு ஒரு சுழற்சி வரும், அளவீடு ஏறி இறங்கும், கணக்கு குழம்பும். இது அந்த ஓர் ஆய்வகத்தின் வழக்கம் மட்டுமல்ல. 2011இல் வெளியான ஓர் ஆய்வு பத்து உயிரியல் துறைகளைப் புரட்டிப் பார்த்தது. எட்டில் ஆண் விலங்குகளே அதிகம். நரம்பியலில் ஒரு பெண் விலங்குக்கு ஐந்தரை ஆண் விலங்கு. 2014இல் 293 கட்டுரைகளை அலசிப் பார்த்தபோது, சுழற்சியைக் கணக்கில் எடுக்காமலே கூட, பெண் எலிகளின் அளவீடுகள் ஆண் எலிகளுடையதைவிட அதிகம் ஏறி இறங்கவில்லை என்று தெரிந்தது. அமெரிக்காவின் தேசிய சுகாதாரக் கழகங்கள் பாலினத்தையும் கணக்கில் எடுத்தே ஆக வேண்டும் என்று 2016இல்தான் விதித்தன. அதுவரை 'நிலையில்லாதவள்' என்கிற பழைய வசை எலிக்கூண்டு வரைக்கும் போயிருக்கிறது. அவள் மூத்தவரிடம் கேட்டது ஒரே கேள்வி: "சார், மார்பில் புற்று வந்து கை வீங்குறது பெரும்பாலும் யாருக்கு?" பெண் எலிகள் வந்தன.

இருட்டறையில் ராத்திரி ராத்திரியாக இருக்கிறேன் என்று அவள் அலுத்துக்கொண்டபோது அன்னா மாணியைச் சொன்னேன். 1940களின் தொடக்கத்தில் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில், ராமனின் ஆய்வகத்தில், வைரங்களின் ஒளிர்வைப் படம் பிடித்தவர். ஒரு தட்டில் பதிவதற்குப் பதினைந்து, இருபது மணி நேரம். பல இரவுகள் ஆய்வகத்திலேயே தூக்கம். தனிப்பெயரில் ஐந்து கட்டுரைகள். 1945இல் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு ஆய்வேடு கொடுத்தார். முதுகலைப் பட்டம் இல்லை என்று முனைவர் பட்டத்தை மறுத்துவிட்டார்கள். "அவங்க என்ன பண்ணாங்க?" என்று கேட்டாள். லண்டனுக்குப் போய் வானிலைக் கருவிகள் படித்தார், திரும்பி வந்து இந்த நாட்டுக்கே கருவி செய்தார் என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு வடிகட்டியைத் துடைக்கப் போனாள்.

சின்னம்மாவுக்கு ஒரு சந்தேகம் இருந்தது. "வெள்ளெலிக்குச் சரி. நம்ம கறுப்புக்கு இந்த லைட்டு உள்ள போவுமா?" நல்ல கேள்வி. கொரோனா காலத்தில் விரலில் மாட்டிக்கொண்டோமே, பல்ஸ் ஆக்சிமீட்டர், அதுவும் சிவப்பையும் அகச்சிவப்பையும் நம்பும் கருவிதான். கறுப்பின நோயாளிகளில் ஆக்சிஜன் குறைந்திருந்தும் அது கண்டுகொள்ளாமல் விட்டது வெள்ளையரைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு என்று 2020இல் அமெரிக்காவில் கண்டார்கள். அலைநீளம் கூடக்கூடத் தோலின் நிறமி விழுங்குவது குறையும், 800 பக்கம் நன்றாகவே குறையும், ஆனால் பூஜ்யம் ஆகாது என்றாள் மாணவி. கறுப்பு எலிகளின் தோலில் திட்டுத்திட்டாகப் படம் மறைவதை அவளே பார்த்திருக்கிறாள். வெள்ளெலியில் மட்டும் பார்த்துவிட்டு முடிவு எழுதக்கூடாது என்று குறித்துக்கொண்டாள். அந்தக் குறிப்புக்குக் காரணம் வேப்பந்தட்டைத் திண்ணை என்பது ஆய்வேட்டில் வராது.

மனிதருக்கு இந்த ஒளி ஒன்றிரண்டு சென்டிமீட்டர் ஆழம்தான் எட்டும். அக்குளின் முதல் கணுவைக் காண அது பெரும்பாலும் போதும். மார்பிலிருந்து வடியும் நீர் முதலில் சேரும் கணுவைக் காவல் கணு என்கிறார்கள். அதை மட்டும் எடுத்துச் சோதித்து, புற்று இல்லையென்றால் மற்றவற்றை விட்டுவிடலாம். முன்பு நீலச் சாயமும் கதிரியக்கப் பொருளும் வைத்துத் தேடினார்கள். 2005இல் ஜப்பானிய மருத்துவர்கள் இந்தப் பச்சைச் சாயத்தின் ஒளிர்வைக் கொண்டு தேடிக் காட்டினார்கள். பல ஆய்வுகளைத் தொகுத்த 2013ஆம் ஆண்டுக் கணக்கின்படி, அக்குளைத் துப்புரவாக எடுத்தவர்களில் நூற்றுக்கு ஏறத்தாழ இருபது பேருக்குக் கை வீங்கியது. காவல் கணுவோடு நிறுத்தியவர்களில் ஆறு பேருக்கும் குறைவு.

சின்னம்மா அந்த ஆறில் ஒருவராகவோ மீதித் தொண்ணூற்று நான்கில் ஒருவராகவோ இருந்திருக்க முடியுமா என்று நான் கேட்காமல் இருக்க முடியவில்லை. மாணவி மழுப்பவில்லை. "நெறி கட்டி வந்தவங்களுக்கு அது பொருந்தாதும்மா. எல்லாத்தையும் எடுத்தது சரிதான். பட்டாணி அளவுல வந்திருந்தா…" தோலையும் கொழுப்பையும் கடந்து போகும் ஒளி இருக்கிறது. மாராப்பைக் கடந்து போக என்னால் முடிந்திருக்க வேண்டும். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த முத்துலட்சுமி ரெட்டி, இந்திய மாதர் சங்கத்தின் பெயரால் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனையைத் திறந்தது 1954இல். எழுபது ஆண்டுகளாகச் சென்னையில் கதவு திறந்திருக்கிறது. வேப்பந்தட்டையில் ஒரு பெண் தன் வீட்டுக்குள் வாய் திறக்க ஓராண்டு ஆகிறது.

போன மாதம் அவள் ஒரு சிறு காணொளி அனுப்பினாள். அழுத்த உறை கோடையில் வெந்து எரிகிறது என்று சின்னம்மா அதைக் கழற்றிக் கொடியில் போட்டிருந்தார். இடது கையில் செல்போனை வாங்கி, திரையில் நகரும் வெள்ளை மணிகளைக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"இது பொட்டையா?"

"ஆமா சின்னம்மா."

"எல்லாம் முடிஞ்சப்புறம் அத என்ன பண்ணுவாங்க?"

சொன்னேன். வலியில்லாமல் செய்வார்கள், அதற்கு விதிமுறை இருக்கிறது என்றும் சொன்னேன். அவர் ஒன்றும் பேசவில்லை. கொடியிலிருந்து உறையை எடுத்து, விரல்களை ஒவ்வொன்றாக நுழைத்து, முழங்கை வரை இழுத்துவிடச் சொல்லிக் கையை என்னிடம் நீட்டினார். இழுத்து விட்டேன். "இன்னொரு தரம் போடு" என்றார்.