லாரிக்காரர் எங்கே தூங்குகிறார்?

சேலம் நகரை விட்டுத் தெற்கு நோக்கிப் பஸ்ஸில் புறப்பட்டால், மல்லூர் தாண்டியதும் நகரத்தின் சந்தடி அடங்கிச் சமவெளி விரிகிறது. இரு மருங்கிலும் குச்சிக் கிழங்குத் தோட்டங்கள்; நடுநடுவே ஜவ்வரிசி ஆலைகளின் வெள்ளை வெளேரென்ற காய்களங்கள்; இடப்புறத்தில் நீலத் திரை கட்டியது போல் கொல்லிமலை. ராசிபுரத்துக்குத் திரும்பும் ஆண்டகளூர் கேட்டைக் கடந்து இன்னும் சிறிது தூரம் போனால், நாமக்கல்லின் பெரும்பாறையும் அதன் உச்சியிலுள்ள கோட்டையும் கண்ணுக்குத் தெரிகின்றன.

இவ்வூருக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் குடைவரையிலுள்ள நரசிம்மரையும், வெட்டவெளியில் கைகூப்பி நிற்கும் ஆஞ்சநேயரையும் தரிசிக்கவே வருவார்கள். நாமும் தரிசித்தோம். ஆனால் நாம் வந்த காரியம் வேறு. லாரிகளைப் பார்க்க வந்தோம். லாரிகளைக் காட்டிலும், அவற்றை ஓட்டுகிறவர்களைப் பார்க்க வந்தோம்.

அந்த எண்ணம் தோன்றிய விதத்தைச் சொல்லிவிடுகிறோம். எந்த தேசத்து ஜனங்கள் சந்தோஷமாக இருக்கிறார்கள் என்று அளந்து, 2012-ஆம் ஆண்டு முதல் உலக மகிழ்ச்சி அறிக்கை என்று ஒன்றை வெளியிட்டு வருகிறார்கள். 2018 முதல் 2025 வரை ஒவ்வோர் அறிக்கையிலும் பின்லாந்து தேசமே முதலிடம் பெற்றது. நம் தேசமோ பட்டியலின் அடிப்பாகத்தில் கிடந்தது. அளக்கும் முறை வெகு சுலபம். பூஜ்யம் முதல் பத்து வரை படிகள் கொண்ட ஓர் ஏணியை மனத்தில் நினைத்துக் கொள்ளச் சொல்லி, "உமது வாழ்வு இதில் எந்தப் படியில் இருக்கிறது?" என்று கேட்பார்கள். அவ்வளவுதான்! அந்த ஏணியைத் தூக்கிக்கொண்டு நாமும் ஒரு தொழிலாளியிடம் போய்ப் பார்ப்போமே என்று தோன்றிற்று. உலகெங்கும் ஒரே மாதிரியான தொழில் எது? லாரி ஓட்டுவது. நம் நாட்டில் அத்தொழிலுக்குத் தலைநகரம் எது? நாமக்கல்.

1997 ஜனவரி முதல் தேதி சேலத்திலிருந்து பிரிந்து தனி ஜில்லாவான இப்பிரதேசத்தில் மழை குறைவு. கிணற்று நீரும் நிச்சயமில்லை. நிலத்தை மட்டும் நம்ப முடியாத குடியானவர்கள் சாலையை நம்பினார்கள். உறவினரும் சிநேகிதரும் கூடிப் பணம் போட்டு வண்டி வாங்கினார்கள். கம்பெனியிலிருந்து வெறும் சேஸிஸாக வருகிற வண்டிக்குப் பாடி கட்டும் பட்டறைகள் நாமக்கல்லிலும் திருச்செங்கோட்டிலும் பெருகின. சமையல் எரிவாயு டாங்கர் லாரிகள் நாமக்கல்லிலிருந்தும், ஆழ்குழாய்க் கிணறு தோண்டும் ரிக் வண்டிகள் திருச்செங்கோட்டிலிருந்தும் தேசமெங்கும் போகின்றன. முன்பு டிரைவராக இருந்து பின்பு முதலாளியானவர்கள் இங்கே அநேகம் பேர். இதை நேயர்கள் நினைவில் வைத்துக் கொள்ள வேண்டும்.

ஒரு பட்டறையில், பாடி வேலை முடியக் காத்திருந்த டிரைவர் ஒருவரைச் சந்தித்தோம். ஐம்பது பிராயம் இருக்கும். வேப்ப மர நிழலில் பெஞ்சியில் உட்கார்ந்து டீ குடித்துக் கொண்டிருந்தார். ஏணி விஷயத்தை விளக்கி, "அண்ணா, நீங்கள் எந்தப் படியில் இருப்பதாக நினைக்கிறீர்கள்?" என்று கேட்டோம்.

அவர் சிரித்துவிட்டு, "ஏழுன்னு போட்டுக்குங்க. காஷ்மீர் வரைக்கும் பார்த்தாச்சு. யாருக்கும் கை கட்டி நிக்கலீங்க" என்றார்.

நமக்குப் பரம சந்தோஷம். ஏழாம் படி என்றால் முன்னணியிலுள்ள தேசங்களுக்கு ஏறக்குறையச் சமானம் அல்லவா? அத்துடன் எழுந்து வந்திருந்தால் இந்தக் கட்டுரை வேறு விதமாக முடிந்திருக்கும். போகிற போக்கில், "உங்கள் பையனும் வண்டி ஓட்டுகிறானா?" என்று கேட்டு வைத்தோம்.

அவர் முகத்திலிருந்த சிரிப்பு மறைந்தது. "அவன் இந்தப் பக்கமே வரக்கூடாதுங்க" என்றார்.

தமக்கு ஏழாம் படி. மகனுக்கு மட்டும் அந்த ஏணியே வேண்டாம்! இது என்ன விந்தை என்று விசாரித்தோம். பதிலாக அவர் டெல்லிப் பிரயாணத்தின் கதையைச் சொன்னார். நாமக்கல்லிலிருந்து டெல்லி சுமார் 2,400 கிலோ மீட்டர். லோடு ஏற்றினால் நான்கு நாளில் சேர வேண்டும் என்பது பேச்சு. லாரி மணிக்குச் சராசரி 45 கிலோ மீட்டர் போவதாக வைத்துக் கொண்டாலும் 53 மணி நேரம் ஓட்ட வேண்டும். அதாவது தினம் பதின்மூன்று மணிக்கு மேல். முன்பெல்லாம் மாற்று டிரைவர் ஒருவரும் கிளீனர் பையன் ஒருவனும் உடன் வருவார்களாம். இப்போது பல நடைகளில் அவர் தனியாகவே போகிறார். என்ஜினின் சூடு காலில் ஏறும். தூக்கம் கண்ணில் ஏறும். ஸீட்டுக்குப் பின்னாலுள்ள பலகைதான் படுக்கை. டீசலையும் தார்ப்பாயையும் யாராவது களவாடிவிடுவார்களோ என்று ஒரு காதைத் திறந்து வைத்துக்கொண்டே தூங்க வேண்டும். மாதக் கணக்கில் வீடு கிடையாது. பெண் வயதுக்கு வந்த செய்தியைக்கூட அவர் நாகபுரியில் டெலிபோனில்தான் கேட்டாராம்.

இனி ஐரோப்பாவைப் பார்ப்போம். ஐரோப்பிய ஐக்கியத்தின் 2006-ஆம் ஆண்டு விதிப்படி, நாலரை மணி நேரம் ஓட்டியதும் டிரைவர் 45 நிமிஷம் ஓய்வெடுத்தாக வேண்டும். நாளொன்றுக்கு 9 மணி நேரமே ஓட்டலாம். வாரத்தில் இரண்டு நாள் மட்டும் 10 மணி வரை போகலாம். வாரத்துக்கு 56 மணிக்கு மேல் கூடாது. வண்டியிலுள்ள ஒரு கருவி இதையெல்லாம் பதிவு செய்துகொண்டே வரும். வாராந்தர முழு ஓய்வான 45 மணி நேரத்தை வண்டிக்குள்ளேயே கழிக்கவும் கூடாது. அந்தக் கணக்குப்படி நம் டிரைவர் டெல்லி சேர ஆறு நாள் ஆகும். அந்த இரண்டு நாள் வித்தியாசந்தான் அவருடைய தூக்கம்!

நம் நாட்டிலும் சட்டம் இல்லாமலில்லை. 1961-ஆம் ஆண்டு மோட்டார்த் தொழிலாளர் சட்டம் நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்றே விதித்தது. நெடுந்தூரப் பாதைகளுக்கு 10 மணியும் 54 மணியும் வரை இடங்கொடுத்தது. ஆனால் ஐந்து தொழிலாளருக்குக் குறையாமல் வைத்திருக்கும் ஸ்தாபனங்களுக்கே அது முக்கியமாகப் பொருந்தியது. ஒரு வண்டி, இரண்டு வண்டி வைத்திருக்கும் சிறு முதலாளிகளின் ஊரில் அதன் கை எவ்வளவு தூரம் எட்டும்? 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் அதே நேர வரம்பை எல்லா டிரைவர்களுக்கும் விரித்தது. 2025 நவம்பரில் அமலுக்கு வந்த புதிய தொழிற் சட்டத் தொகுப்பு பழைய சட்டத்தைத் தன்னுள் அடக்கிக்கொண்டது. ஏட்டிலுள்ள மணிக்கணக்கில் நாம் ஐரோப்பாவுக்கு அதிகம் பின்தங்கவில்லை. சாலையில் அதை எண்ணுவார்தான் இல்லை.

இதனால் அங்கே பாலும் தேனும் ஓடுவதாக எண்ண வேண்டாம். 2023-ஆம் ஆண்டு ஜெர்மனியில் கிராபென்ஹாவுசன் என்ற சாலையோரத் தங்குமிடத்தில், ஜார்ஜியா, உஸ்பெகிஸ்தான் முதலிய நாடுகளிலிருந்து வந்த டிரைவர்கள் சம்பளப் பாக்கிக்காக லாரிகளை வாரக் கணக்கில் நிறுத்திவிட்டார்கள். பாக்கியை வாங்கிய பிறகே நகர்ந்தார்கள். பணக்கார தேசத்தின் விதி உயர்வாக இருக்கலாம். அந்தச் சாலையில் ஓட்டுகிறவர் ஏழை தேசத்திலிருந்து வந்தவராயின் அவருக்கும் அல்லலே. ஜப்பானிலோ, லாரி டிரைவரின் மிகை நேர வேலை ஆண்டுக்கு 960 மணிக்கு மேல் கூடாதென்று 2024 ஏப்ரலில் வரம்பு கட்டினார்கள். சரக்குகள் தாமதமாகுமே என்று கவலைப்பட்டார்கள். இருந்தும் வரம்பைக் கட்டினார்கள்.

ஆகவே, ஐரோப்பாவின் டிரைவருக்குக் கிடைத்திருப்பது ஓய்வு. நாமக்கல் டிரைவருக்குக் கிடைத்திருந்தது நம்பிக்கை. இன்று ஸ்டியரிங், நாளை சொந்த வண்டி என்ற நம்பிக்கையே அவருடைய தூக்கத்தின் விலையாக இருந்தது. ஏழாம் படி என்று அவரைச் சொல்ல வைத்ததும் அதுதான். வண்டி விலையும் தவணை வட்டியும் ஏறிவிட்ட காலத்தில் அந்த நம்பிக்கை மகனுக்கு இல்லை. "டிரைவர் கிடைப்பதில்லை" என்று முதலாளிமார் குறைப்படுகிறார்களே, அதன் காரணத்தை வேப்ப மரத்தடியில் தெரிந்துகொண்டோம்.

மாலையில் திருச்செங்கோட்டுக்கு அருகிலுள்ள புதுப்பாளையம் காந்தி ஆசிரமத்துக்குச் சென்றோம். 1925 பிப்ரவரியில் ராஜாஜி தொடங்கிய இந்த ஆசிரமம், மழை பொய்த்த இதே கிராமங்களின் பெண்களுக்கு இராட்டையைக் கொடுத்து வேலை தந்தது. இத்தகைய நூற்போரைக் குறித்தே 1935-ல் காந்தியடிகள் ஒரு கேள்வியை எழுப்பினார். எட்டு மணி நேரம் நூற்கிறவளுக்கு வயிறார உண்ணக் கூலி கிடைக்க வேண்டாமா? கதரின் விலை ஏறினால் ஏறட்டும் என்பது அவர் கட்சி. கதர் விற்காமல் போய்விடும் என்று பலர் அஞ்சினார்கள். ஆயினும் அகில பாரத சர்க்கா சங்கம் ஜீவனத்துக்குப் போதிய கூலி என்ற கொள்கையை அவ்வாண்டே ஏற்றுக்கொண்டது.

இராட்டைக்கு அன்று கேட்ட கேள்வியை லாரிக்கு இன்று கேட்க வேண்டாமா? சில நன்மைகள் தொடங்கியிருக்கின்றன. 2025 அக்டோபர் முதல் கட்டப்படும் கனரக லாரிகளின் காபினில் குளிர்சாதனம் இருக்க வேண்டும் என்று சர்க்கார் 2023-ல் அறிவித்தார்கள். பெட்ரோல் நிலையங்கள் சிலவற்றில் டிரைவர்கள் தங்க அறைகளும் ஏற்பட்டிருக்கின்றன. ஆனால் வாடகை பேசும்போது டீசலுக்கும் டயருக்கும் சுங்கத்துக்கும் கணக்குப் பார்ப்பது போல், டிரைவரின் தூக்கத்துக்கும் கணக்குப் பார்த்தாலொழிய அந்த அறைகளில் படுக்க அவருக்கு நேரம் ஏது? அந்தச் செலவு சரக்கின் விலையில் ஏறும். நம் வீட்டுக்கு வரும் பருப்புக்கும் வெங்காயத்துக்கும் நாம் சில காசுகள் கூடக் கொடுக்க வேண்டியிருக்கும். கொடுக்கத்தான் வேண்டும்.

இருட்டிய பின் சேலத்துக்குத் திரும்பினோம். சாலையோரத்தில் வரிசையாக லாரிகள் நின்றன. ஒன்றன் அடியில், சக்கரங்களுக்கு நடுவே துணியை விரித்து ஒருவர் படுத்திருந்தார். அடுத்த முறை நாமக்கல் போகும்போது ஏணியைக் கொண்டு போவதில்லை என்று தீர்மானித்துக்கொண்டோம். "நேற்றிரவு எங்கே தூங்கினீர்கள்?" என்று மட்டும் கேட்பதாக உத்தேசம்.