வெப்பமும் இரைச்சலும்

நமது அறைக்குக் கணிப்பொறி வந்து சேர்ந்த நாள் முதல், அடுத்த அறையில் உறங்கும் முதியவர் ஒருவரின் துயில் அதன் விசிறியிடம் சிக்கிக்கொண்டது. விசிறியை நிறுத்திவிட்டால் என்ன என்று கேட்டோரும் உண்டு. அது தகாது. 1971-இல் வெளிவந்த இன்டெல் 4004 என்னும் செயலிக்கு விசிறியே தேவைப்படவில்லை. இன்றைய செயலிகள் பலவோ, கடும் வேலையின்போது 100 வாட்டுக்கும் மேலான மின்சாரத்தை வெப்பமாக்குகின்றன. 100 பாகை செல்சியஸை நெருங்கினால், தம்மைக் காத்துக்கொள்ள வேகத்தைத் தாமே குறைத்துக்கொள்கின்றன.

ஆயினும், 70 பாகையில் நலமாக இயங்கும் செயலியை 60-க்கு இறக்குவதற்காக விசிறியை முழக்குவதும் வீணே. விசிறியின் வேகத்தைப் பாதியாக்கினால் காற்றும் பாதியாகும். இரைச்சலோ ஏறத்தாழ 15 டெசிபல் தணியும். வெப்பம் உயருமேயன்றி இரு மடங்காகிவிடாது.

எனவே, முதலில் மின்சாரத்தைத் துண்டித்து, விசிறியிலும் வெப்பத் தகடுகளிலும் படிந்திருந்த தூசியை அகற்றினோம். பின்னர், பயாஸ் அமைப்பில் 60 பாகைவரை விசிறி மெதுவாகச் சுழலவும், அதற்குமேல் படிப்படியாக விரையவும் விதித்தோம். ஒரே சீரான ஓசையைவிட, நொடிக்கு நொடி ஏறி இறங்கும் ஓசையே உறக்கத்தை மிகுதியாகக் கலைக்கும். ஆதலால் வேகம் மாறுவதற்குச் சில நொடிகள் தாமதமும் வைத்தோம்.

அன்பர்களே, இன்னொன்றையும் கருத்திற் கொள்ளுங்கள். அறை 10 பாகை சூடேறினால் செயலியும் ஏறத்தாழ அவ்வளவே சூடேறும். மார்கழியில் வகுத்த அளவுகளைச் சித்திரையில் மறுபடியும் சரிபார்ப்பது நன்று.