எங்கள் வீட்டுத் தக்காளி

கம்பம் பள்ளத்தாக்கு என்றாலே எல்லோரும் திராட்சையைத்தான் சொல்வார்கள். ஆனால் நம் தேனி மாவட்டத்தில் தக்காளியும் நிறைய விளைகிறது. என் அம்மா தக்காளி பறிக்கக் கூலிக்குப் போகிறார்கள்.

தோட்டத்தில் செங்காயாகத்தான் பறிக்க வேண்டும். பழமாகப் பறித்தால் லாரியில் போகும்போதே நசுங்கிவிடும். செங்காயில் எத்திலீன் என்ற வாயு உண்டாவதால் போகிற வழியிலேயே அது சிவந்துவிடும். நிறம் வந்துவிடும், செடியிலேயே பழுத்ததன் ருசி வராது.

2023 ஜூலையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டியது. அப்போது எங்கள் வீட்டில் வெறும் புளிக்குழம்புதான். விலை ரொம்ப இறங்கினாலும் கஷ்டம்தான். பறிப்புக் கூலிக்குக்கூடக் கட்டாது என்று செடியிலேயே விட்டுவிடுவார்கள். அம்மாவுக்கு வேலை இருக்காது.

அதனால் இந்த வருஷம் தை மாதம் நாங்களே விதை போட்டோம். வீட்டுக்குப் பின்னால் ஐந்து செடி. பாத்திரம் அலசிய தண்ணீரைத் தம்பியும் நானும் ஊற்றினோம். பங்குனி வெயிலில் பூ நிறையக் கொட்டிவிட்டது. ராத்திரியும் சூடாக இருந்தால் காய் பிடிக்காதாம். அம்மா பழைய சேலையை மேலே கட்டி நிழல் கொடுத்தார்கள்.

சித்திரையில் மூன்று காய் நிறம் மாறியது. தம்பி பறிக்கப் போனான். "தொடாதடா, இது என்ன லாரி ஏறப்போற காயா? நல்லாப் பழுக்கட்டும்" என்றார்கள் அம்மா. நான்கு நாள் பொறுத்தோம். பிறகு ஒரு பழத்தை நறுக்கி, உப்புத் தொட்டுச் சாப்பிட்டோம். முதலில் புளிப்பு, அப்புறம் இனிப்பு! "வருஷமெல்லாம் பறிக்கிறேன், நமக்குன்னு பறிச்சது இதுதான்" என்று அம்மா சிரித்தார்கள். இரண்டாவது பழம் ரசத்துக்கு. மூன்றாவதை விதைக்கு விட்டிருக்கிறோம்.

நண்பர்களே, விதை வேண்டுமென்றால் என்னிடம் கேளுங்கள். ஒரு உடைந்த பானை இருந்தாலே போதும்.

- ஒன்பதாம் வகுப்பு மாணவி