எந்த நடுவர் இறுக்கம்?

ஒரு சிறுகதைப் போட்டி. நாற்பது கதை, நாலு நடுவர். நேரம் காணாது எண்டு இருபது கதையை இரண்டு பேருக்கும், மிச்ச இருபதை மற்ற இரண்டு பேருக்கும் குடுக்கினம். முதல் பத்து இடமும் ஒரே கட்டிலிருந்து வந்தால் என்ன சொல்லலாம்? அந்தக் கதைகள் திறமா, இல்லை அந்த நடுவர்கள் தாராளமா?

டென்மார்க் கணிதவியலாளர் ஜோர்ஜ் ராஷ் 1960இல் வெளியிட்ட அளவீட்டு முறையை, ஜோன் மைக்கல் லினக்கர் 1989இல் நடுவர்களுக்கும் விரித்தார். கதையின் தரத்தையும் நடுவரின் இறுக்கத்தையும் அது வேறுவேறாகக் கணிக்கும். ஆனால் புள்ளிகள் ஒன்றோடொன்று தொடுத்திருக்க வேணும்.

அதைப் பார்க்க ஒரு தாள் போதும். நடுவருக்கு வட்டம், கதைக்குச் சதுரம். ஆர் எதை வாசிச்சாரோ அதற்கு ஒரு கோடு. கோடு வழியே எங்கிருந்தும் எங்கேயும் போக முடிந்தால் சரி. முடியாவிட்டால் அது இரண்டு தீவு. கணினி அப்போதும் இலக்கம் தரும், ஆனால் இரு தீவையும் ஒப்பிட ஏலாது.

நாலு பேரும் வாசிக்கிற பொதுக் கதைகள்தான் பாலம். ஒன்று இருந்தாலும் தொடுப்பு வரும், ஆனால் அதில் ஒருவர் தடுமாறினால் முழுத் தீவும் நகரும். அதனால் ஐந்தாறு நல்லது. எல்லாரும் முழுப்புள்ளி போட்ட கதை உதவாது. ஆர் இறுக்கம் எண்டு அது காட்டாது.

இதை வாசிக்கேக்க எங்களுக்குத் தரப்படுத்தல்தான் நினைவுக்கு வந்தது. தமிழ்ப் பரீட்சகர்கள் அள்ளிப் போடுகினம் எண்டு 1970களின் தொடக்கத்தில் குற்றச்சாட்டு எழுந்தது. 1971 அனுமதியில் மருத்துவ பீடத்துக்குத் தமிழ் மாணவருக்கு 400க்கு 250 வேணும், சிங்கள மாணவருக்கு 229 போதும். 1973இல் மொழிவாரித் தரப்படுத்தல் வந்தது. இரு மொழிப் பிரிவின் சராசரித் திறமையும் சமம் எண்டு வைத்துக்கொண்டுதான் அப்படிச் சரிப்படுத்தலாம். இரு மொழியும் தெரிந்தவர்கள் இரு பக்க விடைத்தாளையும் திருத்திப் பார்ப்பது பாலம். சராசரி சமம் எண்டு வைத்துக்கொள்வது வெறும் எடுகோள்.

பாலம் இல்லாத இடத்தில் முடிவைச் சொல்வது புள்ளி இல்லை, ஆரோ ஒருவரின் எடுகோள். கனபேரின் படிப்பு அதில்தான் நிண்டது. எடுகோள் போடுகிறவர்கள் அதை வாய்விட்டுச் சொல்லட்டும். நாங்களும் கேட்கப் பழகுவம்.